இரண்டு முறை சொன்ன சரி

டத்தோ கிராமாட்,
15.9.2024, ஞாயிறு

அண்ணன் பக்கிரிசாமி அவர்களுக்கு,

உங்கள் எண்ணை என் போனில் தடுத்து வைத்துவிட்டேன். மகன் ஷர்வின் எண்ணையும்தான். பேசினால் கத்துவேன் என்பதால் எழுதுகிறேன். நேற்று நடந்ததை எனக்கே இன்னும் வரிசையாகச் சொல்லிப் பார்க்க முடியவில்லை.

தைப்பூசம் முடிந்த வாரம், நீங்கள் பயிற்சி கொடுக்கும் திடலில் என் மகன் கோல் கம்பத்தில் தலை மோதி விழுந்தானே, அன்று மருத்துவமனைக் கட்டிலருகே நின்று நீங்கள் ஒரு வாக்குக் கொடுத்தீர்கள். “காமினி, நீ ஒன் வாயால சரின்னு சொல்லாம இவன் இனிமே கோல் முன்னாடி நிக்கமாட்டான்.” நான் கேட்கவில்லை. நீங்களாகக் கொடுத்தீர்கள். போன மாதம் வந்து, அணியில் இரண்டாவது கோல் காவலர் இல்லாவிட்டால் பாலக் கிண்ணப் போட்டியில் ஆடவே விடமாட்டார்கள், பெயருக்கு பெஞ்சில் உட்காரட்டும் என்றீர்கள். பெஞ்சோடு நிற்கட்டும் என்று ஒத்துக்கொண்டேன். இருபது வயதுப் பையனைக் கட்டிப்போட முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அவனே உங்கள் வாக்குக்குக் கட்டுப்பட்டிருந்தான்.

நேற்றைய அரையிறுதிக்கு அரங்கத்துக்கு வரச் சொன்னீர்கள். மனம் வரவில்லை. வீட்டிலும் இருப்புக் கொள்ளாமல் கீழே காமாரியா அக்கா கடையில் போய் உட்கார்ந்தேன். மழை. போனை மிலோ டின்மேல் சாய்த்து நேரலையை வைத்தேன். கடையில் இருந்த எல்லோரும் எதிரணியான தஞ்சோங் ஸ்டார்ஸின் ஆட்கள்.

“ஒங்க அண்ணன் டீமு ஃபேக்டரி பஸ்லதான் வந்திருக்காம்ல?” என்றார் அப்துல் அஜீஸ் பாய். “இஞ்சின ஆஃப் பண்ணவேணாம்னு சொல்லும்மா. அரமணியில திரும்பிப் போயிரலாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தோற்றுவிட்டு வந்துவிடட்டும் என்றுதான் நினைத்தேன். தோற்றால் எல்லாம் முடிந்துவிடும்.

கடைசி நிமிடத்தில் உங்கள் இக்மல் பதில் கோலைப் போட்டான். அப்துல் அஜீஸ் பாய் எழுந்து நின்றுவிட்டார். கல்லில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்த காமாரியா அக்கா, திரும்பிப் பார்க்க நேரமில்லாமல் என்னிடம் ஸ்கோர் கேட்டுக்கொண்டே இருந்தார். கூடுதல் நேரமும் முடிந்து பெனால்டி உதை என்றானது. அப்போதுதான் நீங்கள் கூப்பிட்டீர்கள். எனக்கு இரைச்சல் மட்டும் கேட்டது. உங்கள் குரல் ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை. வைத்துவிட்டீர்கள்.

போனை மறுபடி டின்மேல் சாய்த்தேன். திரையில் ஷர்வின் கையுறை மாட்டிக்கொண்டிருந்தான்.

நம்பவில்லை. அவனைப் போல இன்னொருவன் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அவன் வலது காலால் புல்லை இரண்டு முறை தட்டினான். அது அவன் பழக்கம்.

கடைசி உதையை நான் பார்க்கவில்லை, அண்ணே. என் நேரலை மற்றவர்களுடையதைவிடப் பின்தங்கி ஓடியிருக்கிறது. அப்துல் அஜீஸ் பாய் போனில் அது முதலில் வந்துவிட்டது. கடையே அலறியது. நாற்காலி விழுந்தது. காமாரியா அக்கா மாவுக் கையோடு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். என் திரையில் ஷர்வின் சேற்றில் குப்புறக் கிடந்தான். அந்த இடத்தில் படம் நின்றுவிட்டது.

“எந்திரிச்சானா? யாராவது சொல்லுங்க, எந்திரிச்சானா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. எல்லோரும் எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள்.

இன்றைய பத்திரிகையில் ‘அதிர்ச்சி’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். நான்கு வருடம் தோற்காத அணி தோற்றதாம்.

கூப்பிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டால் அது கேட்டதாகாது. ஷர்வின் உங்கள் வீட்டிலிருந்தே பாலிடெக்னிக்குக்குப் போகட்டும். அவனைப் பார்க்கும் தெம்பு எனக்கு இப்போது இல்லை.

காமினி

•

சுங்கை பாக்காப்,
19.9.2024

காமினிக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணி ருக்குமணிதான் பிரித்தாள். கையால் எழுதிய உறை என்றதும் யாருக்கோ கல்யாணம் என்று நினைத்துவிட்டாள். படித்துவிட்டு என்னிடம் கொடுத்து உள்ளே போய்விட்டாள்.

என்னை ‘நீங்கள்’ என்று எழுதியிருக்கிறாய். பிறந்ததிலிருந்து என்னை நீ அப்படிக் கூப்பிட்டதில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தமிழ்ப்பள்ளியை விட்ட பிறகு நான் கடிதம் எழுதியதில்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள். ஆனால் ஒன்றில் மட்டும் என் பக்கம் தப்பில்லை. நீ சரி என்று சொன்னாய். ஒரு முறை அல்ல, இரண்டு முறை.

நடந்ததைக் கேள். கூடுதல் நேரம் முடியும்போது கோல் காத்த அக்மலின் விரல் மடங்கிப் பின்னால் போய்விட்டது. பார்க்கவே முடியவில்லை. நடுவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஷர்வினை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நடுக்களத்தில் ஆடும் ஹாரிஸைக் கூப்பிட்டு, நீ நில்லுடா என்றேன். அவன் அக்மல் கையுறையை வாங்கி ஒரு கையில் மாட்டியும்விட்டான். ஹாரிஸின் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் உன்னைக் கூப்பிடத் தோன்றியது. இல்லை என்று சொல்வாய், எனக்கு மனம் ஆறிவிடும் என்றுதான் கூப்பிட்டேன்.

மழையில் ஒன்றும் கேட்கவில்லை என்று போனை ஒலிபெருக்கியில் போட்டேன். ஷர்வின் என் தோளோடு தோளாக நின்றான். “காமினி, அக்மல் கை போச்சு. ஷர்வின எறக்கவா?” என்று கத்தினேன். நீ ஹலோ, ஹலோ என்றாய். மறுபடி கேட்டேன். அப்போது தெளிவாக வந்தது உன் குரல்: “சரிலா. சரி.”

அந்த ‘லா’ எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. கோபமே இல்லை அதில். போ, கேட்டுத் தொல்லை பண்ணாதே என்பது போல ஒரு சலிப்பு. உன் மனம் இறங்கிவிட்டது என்று நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“மாமா, அம்மா சரின்னுட்டாங்க,” என்றான் ஷர்வின். நான் நம்புவதற்கு முன்னால் அவன் நம்பிவிட்டான். ஹாரிஸ் கையிலிருந்து கையுறையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான்.

அந்தக் கடைசிப் பந்து அவன் கையில் பட்டு, நெற்றியில் உரசி, கம்பத்துக்கு மேலே போனது. உன்னிடம் மறைக்கமாட்டேன். அவன் விழுந்ததும் இந்த வயிற்றை வைத்துக்கொண்டு நான் ஓடியதைப் பார்த்துத்தான் பாதி அரங்கம் சிரித்திருக்கும். பக்கத்தில் மண்டியிட்டு, “நான் யாருடா?” என்று கேட்டேன்.

“மாமா.”

“அம்மா பேரு என்னா?”

“காமினி. லைப்ரரில வேல. மாமா, என் கைமேல முட்டி போட்டிருக்கீங்க, எந்திரிங்க.”

சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தான். அதனால்தான் எழுந்திருக்கவில்லை. விடுமுறை முடிந்ததும் புதன்கிழமை அதே டாக்டரிடம் கூட்டிப்போய்க் காட்டினேன். மே மாதமே ஆடலாம் என்று சொன்னவர்தானே அவர்? ஒன்றுமில்லை என்று இப்போதும் சொன்னார்.

நாங்கள் ஜெயித்ததை எங்களாலேயே நம்ப முடியவில்லை. திரும்பும்போது பேருந்தில் பாலம் தாண்டும்வரை யாரும் வாயைத் திறக்கவில்லை. நாளைக்கு யாராவது வந்து, கணக்கில் தவறு, நீங்கள் தோற்றீர்கள் என்று சொல்வார்கள் போல உட்கார்ந்திருந்தோம்.

சரி சொன்னதற்கு இப்போது வருத்தப்படுகிறாயா, திட்டு. வாங்கிக்கொள்கிறேன். சொன்னதைச் சொல்லவில்லை என்று மட்டும் எழுதாதே. இந்த வயதில் என்னைப் பொய்யனாக்காதே.

அண்ணன்
பக்கிரிசாமி

•

டத்தோ கிராமாட்,
23.9.2024

அண்ணன் அவர்களுக்கு,

நான் சொல்லவில்லை. எந்தச் சத்தியம் வேண்டுமானாலும் செய்கிறேன். என் வாயிலிருந்து அது வரவே வராது. ஏன் என்று உங்களுக்குத் தெரியாது. நான் யாரிடமும் சொன்னதில்லை.

அவன் மருத்துவமனையில் கண் திறந்தபோது நீங்கள் காப்பி வாங்கப் போயிருந்தீர்கள், நினைவிருக்கிறதா? நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். நன்றாக, அமைதியாகப் பார்த்தான். பிறகு மலாயில் கேட்டான்: “புவான் சியாப்பா?”

நீங்கள் யார், அம்மணி. கவுண்டரில் வரிசையில் நிற்கும் ஒருத்தியைக் கேட்பதுபோல. நான் தூக்கி வளர்த்த பிள்ளை, நான் தாலாட்டிய மொழியில்கூட அல்ல.

நீங்கள் காப்பியோடு வந்தபோது அவன் மறுபடி தூங்கிவிட்டான். அடுத்து விழித்தபோது ‘அம்மா’ என்றான். அவனுக்கு முன்னதன் நினைவே இல்லை. டாக்டர்கள் இது வழக்கம்தான் என்றார்கள். அவர்களுக்கு வழக்கம். அவன் அப்பா எங்களை விட்டுப் போனபோதுகூட நான் யார் என்ற சந்தேகம் எனக்கு வந்ததில்லை. அந்த ஒரு கேள்வியில் வந்தது. அந்த டாக்டர் எத்தனை முறை ஆடலாம் என்று எழுதிக் கொடுத்தாலும், பந்து அவன் தலைக்கு நேராக வருவதைப் பார்த்தாலே எனக்கு அந்தக் கேள்விதான் கேட்கிறது. அப்படிப்பட்டவள் போனில் சலிப்பாக ‘சரிலா’ என்று சொல்வேனா?

நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று எழுத இவ்வளவு நேரம் முயன்றேன். எழுத வரவில்லை. நீங்கள் பொய் சொன்னதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

—

மேலே உள்ளதை நேற்று எழுதி நிறுத்தினேன். இன்று செவ்வாய். வேலை முடிந்து வந்தவள் வீட்டுக்கு ஏறாமல் நேராக காமாரியா அக்கா கடைக்குப் போனேன்.

“அக்கா, அன்னிக்கி மேட்ச் அப்ப எங்கண்ணன் போன் பண்ணாருல்ல, நான் அவர்கிட்ட என்ன சொன்னேன்?”

“அவர்கிட்டயா? ஒண்ணும் சொல்லலயே. ஹலோ ஹலோன்னு கத்துன. லைன் கிடைக்கலன்னு நெனச்சேன்.”

“வேற ஒண்ணுமே சொல்லலயா?”

“என்கிட்டதான் சொன்ன. போன காதுல வச்சிக்கிட்டே.”

“ஒங்ககிட்ட என்ன சொன்னேன்?”

அவர் ரொட்டியைத் திருப்பிப் போட்டார். “நான் கையில மாவோட நின்னேன். பெராப்பா, பெராப்பான்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். நீ, செரிலா, செரின்னு சொன்ன. ஒண்ணுக்கு ஒண்ணுல்ல அப்ப? ஏன், முகம் ஏன் இப்படிப் போகுது? ஒக்காரு முதல்ல. டேய், ஒரு தே ஓ எடுத்தா!”

அண்ணே, உனக்குப் புரிகிறதா? மலாயில் ‘செரி’ என்றால் சமம். யாரும் ஜெயிக்கவில்லை, யாரும் தோற்கவில்லை. காமாரியா அக்காவிடம் நான் பாதி தமிழும் பாதி மலாயுமாகத்தான் பேசுவேன். ஸ்கோர் என்றால் மலாய்தான் வாயில் வரும். அவர் எத்தனை என்று கேட்டார், நான் ஆட்டம் சமம் என்றேன். நீ களத்தில் நின்று என் மகனை இறக்கவா என்று கேட்டாய். இரண்டு கேள்விக்கும் ஒரே பதில் போய்விட்டது.

கொண்டுவந்த தேநீர் ஆறிப்போகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். என் மகனைக் கோல் முன்னால் நிறுத்தியது என் வாய்தான். நீ வாக்குத் தவறவில்லை. நான் அனுமதி கொடுக்கவில்லை. இரண்டும் உண்மை. இதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

உன்னை ‘நீங்கள்’ என்று எழுதியதற்கு மன்னித்துவிடு. மேலே உள்ள பகுதியில் திருத்தலாம் என்று பார்த்தேன். கிடக்கட்டும்.

காமினி

•

சுங்கை பாக்காப்,
28.9.2024

காமினிக்கு,

செரி என்று படித்ததும் முதலில் சிரித்துவிட்டேன். ருக்குமணி என்ன என்று கேட்டாள். சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்று அந்தப் பந்து இன்னும் கொஞ்சம் கீழே பட்டிருந்தால் நான் உன் முகத்தில் எப்படி விழித்திருப்பேன்? நீதான் சொன்னாய், நீதான் சொன்னாய் என்று காலமெல்லாம் உன்மேலேயே பழி போட்டிருப்பேன், காமினி. நீயும் நம்பாமல், நானும் விடாமல், அப்படியே போயிருப்போம். மூன்று நாளாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

‘புவான் சியாப்பா’ விஷயத்தை ஏன் தனியாக வைத்துக்கொண்டிருந்தாய்? அன்று நான் காப்பி வாங்கப் போனதே உனக்காகத்தான். வந்தபோது நீ சுவரைப் பார்த்து நின்றாய். தூக்கக் கலக்கம் என்று நினைத்து, சர்க்கரை போட்டிருக்கிறதா பார் என்று கேட்டேன். அதுதான் நான் கேட்ட கேள்வி.

இப்போது ஒரு பெரிய சங்கடம். ஷர்வினுக்கு இது தெரியாது. பையன்களிடமெல்லாம், “எங்கம்மா ரெண்டு தடவ சொன்னாங்க தெரியுமா?” என்று சொல்லிக்கொண்டு திரிகிறான். உன் குரலை மாதிரியே சொல்லிக் காட்டுகிறான். நீ போனை எடுக்காததற்கு, சந்தோஷத்தில் அழுதுகொண்டிருப்பாய், உனக்கு வெட்கம் என்று அவனே ஒரு காரணம் வைத்திருக்கிறான். நான் மாற்றிச் சொல்லவில்லை. அதைவிட மோசம், பயிற்சியில் வட்டமாக நின்று கைகோத்து அணியே இப்போது கத்துவது என்ன தெரியுமா? ஒருவன் ‘சரிலா’ என்பான், மற்றவர்கள் ‘சரி’ என்று முழங்குவார்கள். ஹாரிஸும் கத்துகிறான், இக்மலும் கத்துகிறான். மலாய்ப் பையன்கள் அதை எந்த மொழியில் நினைத்துக் கத்துகிறார்கள் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

இறுதியாட்டம் அக்டோபர் பன்னிரண்டாம் தேதி, சனிக்கிழமை. அக்மல் விரலில் கட்டு இருக்கிறது, வரமாட்டான். நீ வேண்டாம் என்றால் ஹாரிஸ் நிற்பான். ஆறு கோல் வாங்கினாலும் பரவாயில்லை. பையன்களிடம் இது என் முடிவு என்று சொல்லிவிடுவேன், உன் பெயர் வராது.

போனில் கேட்கமாட்டேன். இனி என் வாழ்நாளில் உன்னிடம் எதையும் போனில் கேட்கமாட்டேன். அவனிடம் நடந்ததைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறேன். முடிந்தால் அவன் எண்ணையாவது திறந்துவிடு. பையன் ஒரு நாளைக்கு எத்தனை முறை போனை எடுத்துப் பார்க்கிறான் என்று ருக்குமணி என்னைத் திட்டுகிறாள்.

அண்ணன்
பக்கிரிசாமி

•

டத்தோ கிராமாட்,
6.10.2024, ஞாயிறு

அன்புள்ள அண்ணே,

ஷர்வின் நேற்று மதியம் வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சிரிப்பு. பையைத் திறந்து கையுறையை எடுத்து மேசைமேல் வைத்தான், பரிசுக் கோப்பையை வைப்பதுபோல. சேற்றைக்கூடக் கழுவாமல் வைத்திருக்கிறான்.

சோறு போட்டேன். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். அவன் ஒவ்வொரு உதையாகச் சொல்லிக்கொண்டு வந்தான். கடைசி உதைக்கு வந்தபோது, “அப்ப ஒங்க வாய்ஸ்தாம்மா மண்டைக்குள்ள ஓடிச்சி. சரிலா, சரி. பயமே இல்ல,” என்றான்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். காமாரியா அக்கா, மாவுக் கை, செரி, எல்லாம்.

தட்டை ஒதுக்கி வைத்தான். சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். “அப்ப நீங்க சரின்னு சொல்லவே இல்லியா?” என்றான்.

“இல்லடா.”

எழுந்து கை கழுவினான். மேசையில் இருந்த கையுறையை எடுத்து என் மடியில் வைத்தான். கோபத்தில் அல்ல, அண்ணே. கோபம் என்றால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். “அப்படின்னா நான் எறங்கியிருக்கக்கூடாதும்மா. மாமா வாக்குக் குடுத்திருக்காரு. ஃபைனல்ல ஹாரிஸ் நிக்கட்டும்,” என்றான்.

ஊரே கொண்டாடும் வெற்றி அவனுக்கு அந்த நிமிடத்தில் திருட்டுச் சொத்துபோல ஆகிவிட்டது. அதைப் பார்த்தபோதுதான் நான் உண்மையாகவே அதிர்ந்தேன். கடைத் திரையில் அவன் குப்புறக் கிடந்ததைப் பார்த்ததைவிட அதிகமாக. அன்று அவன் எழுந்தானா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். எட்டு மாதமாக அவனை எழுந்திருக்க விடாமல் வைத்திருந்தது யார்?

அப்போது அவனிடம் அதையும் சொன்னேன். கண் திறந்ததும் என்னைப் பார்த்து என்ன கேட்டான் என்று.

அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். “நானா? ஒங்களையா?”

“ஆமா.”

“மலாய்லயா கேட்டேன்?”

“மலாய்லதான்.”

யோசித்தான். “புவான்னா கேட்டேன்? மரியாதையாத்தான் கேட்டிருக்கேன், பாருங்க. மாமாவா இருந்தா ‘நீ யாருடா’ன்னு கேட்டிருப்பேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். பிறகு இருவரும் சிரிப்பதை நிறுத்த முடியாமல், அது எப்போது அழுகையாக மாறியது என்று தெரியாமல், மேசையில் சோற்றுத்தட்டு காய உட்கார்ந்திருந்தோம். “பதில் சொன்னீங்களாம்மா?” என்று கேட்டான். சொல்லவில்லை, அண்ணே. அன்று அவன் கேட்டதற்கு நான் பதிலே சொல்லவில்லை. நேற்றுத்தான் சொன்னேன். “ஒங்கம்மாடா.”

கையுறையை நேற்று மாலை கழுவிக் காயப்போட்டேன். இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கிறது.

இந்தக் கடிதத்தை அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். உறையை ஒட்டிவிட்டேன். பிரித்துப் படித்துவிட்டு, நீயே அவனிடம் சொல். சனிக்கிழமை நானும் வருகிறேன். கோலுக்குப் பின்னால் உட்காருவேன், நேரலையில் அல்ல. பந்து அவன் தலைக்கு நேராக வந்தால் கண்ணை மூடிக்கொள்வேனா, தெரியாது. மூடினாலும் அங்கேதான் இருப்பேன். ஆட்டம் மறுபடியும் சமமாக முடிந்தால் என்னைக் கூப்பிடவேண்டாம். பதிலை இப்போதே எழுதித் தருகிறேன். மழை இல்லை, பக்கத்தில் யாரும் ஸ்கோர் கேட்கவில்லை. உன் கேள்விக்குத்தான் இது, தமிழில்தான் இது:

சரி.

காமினி